முதல் படி

"இந்தப் படியான்னு பாரு தங்கச்சி. எங்க மாமியார் வீட்டுப் பரண்ல கிடந்துது."

மளிகைக் கடைக்கார அக்கா வாசல் கல்லில் ஏறி நின்று, நசுங்கிய பித்தளைப் படி ஒன்றை நீட்டினாள். அரிசி அளக்கிற படி. நாலு நாளில் இது பதினேழாவது.

கல்லின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்த அருங்காட்சியகக் காப்பாளர் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஏதோ கடையின் முத்திரை. "இது எனக்கு அப்புறம் பொறந்திருக்கும் போலிருக்கே, அக்கா!"

புயல் அந்தச் சின்னத் தீவின் அருங்காட்சியகத்தை வழித்து எறிந்திருந்தது. ஊரே சேற்றை அலசியதில், நாற்பத்து மூன்று பொருள்களில் முப்பது கிடைத்துவிட்டன. கிடைக்க வேண்டியதுதான் கிடைக்கவில்லை. நனைந்துபோன பதிவேடு சொன்னது இவ்வளவுதான்: 'எண் 1. முதல் படி. இங்கே முதலில் குடியேறியவர்கள் படகில் கொண்டுவந்தது.' அடுத்த பக்கம் உப்புத் தண்ணீரில் ஒட்டிப்போயிருந்தது.

இன்று பகல் படகில் அதிகாரி வருகிறார். எண் ஒன்று இருந்தால் அருங்காட்சியகம் தீவிலேயே இருக்கும். இல்லையென்றால் மிச்சத்தையும் பெட்டி கட்டி நகரத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். காப்பாளரோ புயலுக்குப் பிறகு வேலைக்கு வந்தவள்; அந்தப் படியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பழைய காப்பாளரைக் கேட்கலாமென்றால், மனுஷர் போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"மரமா, பித்தளையான்னுகூடவா தெரியாது? இதே ஊர்லதானே இருக்கீங்க?"

"நல்லா கேட்டே போ! உள்ளூர்க்காரங்க யாரு மியூசியத்துக்குள்ள போவாங்க? மழை வந்தா வாசல்ல ஒதுங்குவோம், அவ்வளவுதான்."

கையில் சம்மட்டியோடு மேஸ்திரி வந்து நின்றார். "மேடம், கொஞ்சம் எந்திரிங்க. இந்தக் கருங்கல்லை உடைச்சிட்டு டைல்ஸ் ஒட்டிடறேன். ஆபீசர் வர்றப்போ வாசல் பளபளன்னு இருக்க வேணாமா? சுவரெல்லாம் சாஞ்சுது, இந்தச் சனியன் மட்டும் அசையலை."

"அஞ்சே நிமிஷம், மேஸ்திரி."

வெயிலில் சுட்ட அந்தக் கல்லின் மேல்தான் பதிவேட்டைக் காலையிலிருந்து காயவைத்திருந்தாள். ஒட்டிய பக்கத்தின் ஓரத்தில் பிளேடை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்தினாள். பக்கம் பிரிந்தது.

"'நீளம் நாலடி'ன்னு போட்டிருக்கு!"

"நாலடியா?" அக்கா இடுப்பில் கையை ஊன்றிச் சிரித்தாள். "அதுல அரிசி அளந்தது யாரு, பூதமா?"

"எழுதினவரு தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பாரு" என்றார் மேஸ்திரி. தூரத்தில் படகின் சங்கு ஊதியது. "நேரமாச்சு மேடம், நகருங்க."

காப்பாளர் அடுத்த வரியைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"மேஸ்திரி, அந்தச் சம்மட்டியை முதல்ல கீழ வைங்க!"

"என்னாச்சு மேடம்?"

"படி கிடைச்சிடுச்சு."

"அடி சக்கை! எங்கடி தங்கச்சி?" அக்கா சுற்றுமுற்றும் தேடினாள்.

காப்பாளருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கொஞ்சம் கீழ இறங்குங்க அக்கா. நாலு நாளா நீங்க அதும்மேல ஏறி நின்னுதான் அதைத் தேடிக்கிட்டிருக்கீங்க."