மன்னிக்கப் போன வீடு

"நாளைக்குப் பெரிய வெள்ளி. மனசுல இத்தனை கசப்பை வெச்சிக்கினு சிலுவையை எப்படிங்க முத்தம் செய்யறது? வாங்க, வரதன் அண்ணன் ஊட்டுக்குப் போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துடலாம்."

ஜெனிபர் இப்படிச் சொன்னதும் அவள் கணவன் அன்பு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீ வேணா போ. என்னை வுடு."

"கல்லுங்க உங்க மனசு! அவங்க வாசல்ல மண்ணை வாரித் தூத்துனவ நான். நானே மாறிட்டேன். உங்களுக்கு மட்டும் இன்னா?"



நாலு வருஷத்துக்கு முன்னால், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் அன்பு மெஷினுக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, கூட வேலை பார்த்த வரதன் சுவிட்சைப் போட்டுவிட்டான். வலது கை மணிக்கட்டோடு போனது. அந்த வாரமே வரதனுக்கு வேலை போனது. இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அன்புவுக்கு அதே கம்பெனியில் கேட்டில் உட்காரும் வேலை.

ஜெனிபர் விடவில்லை. கணவனை இழுக்காத குறையாக அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போனாள்.

கதவைத் திறந்த வரதனின் மனைவி நர்மதா, ஜெனிபரைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனாள்.

"பயப்படாதம்மா, சண்டைக்கு வரல."

வரதன் எழுந்து வந்தான்.

"அண்ணே, நாங்க உங்களை மன்னிச்சிட்டோம். மனசார." சொல்லும்போதே ஜெனிபருக்குக் கண் கலங்கியது.

"சந்தோஷம்மா. உக்காருங்க. நர்மதா, டீ போடு."

ஜெனிபர் கணவனை இடித்தாள். "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அன்பு சடாரென்று வரதன் காலில் விழுந்தான்.

"டேய், இன்னாடா இது! எந்திரி. அதெல்லாம் முடிஞ்சி போச்சி."

"முடியலடா!" அன்பு மனைவியைப் பார்த்தான். "ஜெனி, மெஷின் உள்ள கை வைக்கறவன், சுவிட்சுல அவன் பூட்டைப் போட்டுட்டுத்தான் வைக்கணும். அப்பதான் வேற யாரும் ஆன் பண்ண முடியாது. அவசரத்துல நான் போடல. தப்பு என்னுதுன்னு தெரிஞ்சா கையோட என் வேலையும் போயிடும்னு, 'பூட்டு இருந்துச்சி, நான்தான் கழட்டுனேன்'னு இவன் எழுதிக் குடுத்தான்."

  ஜெனிபர், டீயோடு வந்து நின்ற நர்மதாவின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு... உனக்கு இது தெரியுமா?"

"எங்க ஊட்டுக்காரரு அன்னிக்கே சொல்லிட்டாருக்கா," என்றாள் நர்மதா. "டீ ஆறுது, குடிங்க."