முரடன் மாட்டிக்கொண்ட சக்கரங்கள்

முரடன் ஒரு ரேஸ் சைக்கிள். மலை இறக்கத்தில் பழைய சக்கரத்தின் விளிம்பு தேய்ந்து வெடித்துவிட, குப்புற விழுந்து, உடம்பெல்லாம் சிராய்ப்போடு புதுச் சக்கரம் பார்க்கக் கடைக்கு வந்திருந்தான். இன்னொரு தரம் விழுந்தால் தேற மாட்டான். அது அவனுக்கே தெரியும்.

கடைச் சுவரில் இரண்டு ஜோடி அலுமினியச் சக்கரங்கள் தொங்கின. இரண்டுமே உசத்திச் சரக்கு, விலையும் ஒன்றுதான்.

"அண்ணே, என்னை ஒரு விரலால தூக்கிடலாம்," என்றது வெள்ளி ஜோடி. "ஒரு சுண்டு சுண்டினா, நீங்க டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் சுத்துவேன்."

"எடையைத் தராசு சொல்லும், நீ சொல்லாதே. பிரேக் பிடிச்சா தேய்வியா மாட்டியா?"

"நானா? தேயவே மாட்டேண்ணே!"

பழைய சக்கரமும் வாங்கும்போது இதைத்தான் சொன்னது. முரடன் கறுப்பு ஜோடியின் பக்கம் திரும்பினான். "நீ?"

"தேய்வேன். விளிம்புல சின்னதா ஒரு குழி இருக்கு, பாருங்க. நான் தேயத் தேய அதோட ஆழம் குறையும். அது மறைஞ்சிட்டா என் ஆயுசு முடிஞ்சுது. அப்புறம் என்னை நம்பி மலை இறங்காதீங்க."

"ஏண்டா, விலைபோக வேண்டிய இடத்துல கருமாதியைப் பத்திப் பேசுறியே, உனக்கு மூளை இருக்கா?" என்று முரடன் கத்தினான். கத்திவிட்டு அதையே மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

முதல் மலை இறக்கம் வந்தது. வளைவில் பிரேக் கட்டைகள் வெறியோடு பாய்ந்து விளிம்பைக் கவ்வின.

"டேய், மெதுவாப் பிடிங்கடா," என்றான், யாரிடமும் கெஞ்சிப் பழகாத முரடன். "பையன் தேஞ்சிடப் போறான்."