இரண்டு செபமாலை நேரம்

குருத்து ஞாயிற்றுக்கு முதல்நாள் காலை, அந்தக் கரையூரில் வீடுகளில் ஆளில்லை. கடற்கரையிலும் ஆளில்லை. எல்லாரும் கோயிலில் இருந்தார்கள். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே.

போன கிழமை படகு முதலாளி அருட்பிரகாசம் சம்மாட்டியின் படகிலிருந்து எஞ்சின் களவு போயிருந்தது. புத்தம் புதியது. பொலிஸ் வந்தது, எழுதியது, தேநீர் குடித்தது, போனது. ஊர் பொலிஸை நம்பியிருக்கவில்லை, பாவசங்கீர்த்தனத்தை நம்பியிருந்தது. எடுத்தவன் யாராக இருந்தாலும் உயிர்த்த ஞாயிறன்று நற்கருணை வாங்க வேண்டும். வாங்காவிட்டால் நாலு பேர் ஏனென்று கேட்பார்கள். வாங்குவதென்றால் முதலில் பங்குச் சுவாமியிடம் போய்ப் பாவத்தைச் சொல்ல வேண்டும். சுவாமி அதை வெளியே சொல்லமாட்டார்தான். ஆனால் உள்ளே இருந்த நேரம் சொல்லிவிடுமே!

அந்த ஊர்ச் சனத்தின் பாவங்கள் சின்னவை. புருஷனை ஏசியது, அயல்வீட்டுக் கோழிக்குக் கல்லெறிந்தது, பூசைக்குப் பிந்தி வந்தது. மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிக்குமுன் ஆள் வெளியே வந்துவிடும். எஞ்சின் அளவு பாவம் அவ்வளவு கெதியாக இறங்காது.

அதனால் பெண்கள் செபமாலையோடு முன்வாங்குகளில் உட்கார்ந்து, திரைக்குப் பின்னால் போகிற ஒவ்வொருவரையும் மணி உருட்டி அளந்துகொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு எமிலியானுஸ் உள்ளே போனார்.

கோயில் நிமிர்ந்து உட்கார்ந்தது. எமிலியானுஸுக்குச் சொந்தமாகப் படகில்லை. மற்றவர்களின் படகில் கூலிக்குப் போகிறவர். மகள் ஜெயனியை இமெல்டாவின் மகன் மில்ரனுக்குப் பேசி ஆறு மாதமாகிறது. இமெல்டா சீதனமாகக் கேட்டது ஒரு எஞ்சின். எஞ்சின் வராமல் தேதி குறிக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அது ஊருக்கெல்லாம் தெரியும்.

“ஒரு செபமாலை முடிஞ்சுது,” என்றாள் சம்மாட்டியின் மனைவி சுபாஜினி.

“ஆள் இன்னும் உள்ளுக்கோ?”

“ஓம். இருவத்தஞ்சு குதிரை எஞ்சினெல்லோ. குதிரையளை ஒவ்வொண்டா அவிட்டுவிட வேணும்.”

வாங்கு குலுங்கச் சிரித்தார்கள். கடைசி வாங்கில் இருந்த ஜெயனி முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

இமெல்டா கைப்பேசியைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

“ஆருக்கடி அடிக்கிறாய்?” என்று கேட்டாள் சுபாஜினி.

“மில்ரனுக்கு. மன்னாருக்குத் தாலி பாக்கப் போயிட்டான். வாங்கிப்போடாத எண்டு சொல்ல அடிக்கிறன், எடுக்கிறானில்லை.”

இரண்டாவது செபமாலையும் முடிந்த பிறகுதான் திரை விலகியது. எமிலியானுஸின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்காலில் நின்று பரிகாரச் செபம் சொன்னார். அதுவும் நீளம்.

முற்றத்தில் சம்மாட்டி வழிமறித்தார்.

“எமில், என்ர எஞ்சின் எங்க?”

“எனக்கென்னண்டு தெரியும், சம்மாட்டியார்?”

“அப்ப உவ்வளவு நேரமும் உள்ளுக்க இருந்து என்னத்தைச் சொன்னனீ?”

“என்ர சீவியத்தைச் சொன்னனான். அது சுவாமிக்கும் எனக்கும். உங்களிட்டச் சொல்லேலாது.”

“சீவியமாம்! ஆமிக்காரன் விசாரிச்சுக்கூட உன்னட்ட இவ்வளவு வார்த்தை எடுத்திருக்கமாட்டான்!”

இமெல்டா முன்னுக்கு வந்தாள். “அண்ணை, சுத்தி வளைக்காமல் சொல்லுறன். இந்தக் கலியாணம் சரிவராது. கள்ளன்ர வீட்டில நான் சம்பந்தம் வைக்கேலாது.”

ஜெயனி தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். யாரோ பொலிஸுக்கு அடிக்கக் கைப்பேசியை எடுத்தார்கள்.

அப்போதுதான் கோயில் படலையால் டினேஷ் ஓடிவந்தான். கரையில் மீன்வாடிக்கும் படகுகளுக்கும் காவல் அவன்தான். ஒன்பது மணியிலிருந்து அவனும் கோயிலுக்குள்தான் நின்றான். நேரம் பார்க்கிற ஆசை காவல்காரனுக்கும் இருக்காதா? இப்போதுதான் கரைப்பக்கம் போயிருந்தான்.

“சம்மாட்டியார்! இன்னும் ரெண்டு எஞ்சினைக் காணேல்லை! நான் ஒம்பது மணிக்குக் கோயிலுக்கு வரேக்க இருந்தது!”

எல்லாரும் மெல்லத் திரும்பி எமிலியானுஸைப் பார்த்தார்கள். கரையில் கள்ளன் வேலை செய்த நேரம் முழுவதும் இந்த மனிதன் ஊர்க் கண்களுக்கு முன்னால், மணி உருட்டி அளக்கப்பட்டுக்கொண்டிருந்தவர் அல்லவா!

பொலிஸ் வந்தபோது அவருக்காகச் சாட்சி சொல்ல அத்தனை பேரும் முண்டியடித்தார்கள். சார்ஜனுக்கு எழுதக் கடதாசி போதவில்லை. எந்த அரசாங்கக் கந்தோரிலும் இப்படி ஒரு நற்சாட்சிப் பத்திரம் கிடைக்காது.

சம்மாட்டி எமிலியானுஸின் இரண்டு கைகளையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். சுபாஜினி செபமாலையை மடிக்குள் ஒளித்தாள். இமெல்டா ஜெயனியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“அண்ணை, என்ர நாக்கில புழுதான் விழும். எஞ்சினும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பிள்ளையை மட்டும் தாங்கோ, அது காணும்.”

உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த கிழமை கலியாணம் என்று அங்கேயே முடிவானது.

சுவாமி மட்டும் தலையிடி என்று மத்தியானச் சாப்பாட்டை வேண்டாமென்றுவிட்டார். ஒருவர் தன் அறுபது வருடத்தை இப்படி ஒன்றும் விடாமல் சொல்லி அவர் கேட்டதில்லை. ஏழு வயதில் களவெடுத்த விளாம்பழம், ஞானோபதேச வகுப்புக்குப் போகாமல் நண்டு பிடித்தது, பெண்சாதியின் கறியை மனதுக்குள் பழித்தது, கூட்டாளியின் பங்கில் இரண்டு பாரை மீனை மறைத்தது, நோன்பு வெள்ளியில் இறைச்சிக் கறியை மணந்து பார்த்தது, மணந்ததோடு நிற்காதது...

எஞ்சின் பாவத்தை மட்டும் எமிலியானுஸ் சொல்லவில்லை. அது இன்னும் முடிந்திருக்கவில்லை, வருங்கால மருமகன் மில்ரன், அவர் திரைக்குள் இருந்த அந்த நேரம்தான் கரையில் அடுத்த எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தான்.