வடகரையில் ஒரு வாத்து

சிறகு ஒடிந்ததால் அந்த ஆண் வாத்தால் வடக்கே திரும்ப முடியவில்லை. அதன் துணை கூட்டத்தோடு போய்விட்டது. ஏரியை ஒட்டி ஒரு விமான நிலையம் இருந்தது. துணை போன ஊரிலிருந்து தினமும் ஒரு விமானம் அங்கே வந்து இறங்கும்.

“அங்கிருந்து எவ்வளவு தூரம்?” என்று வாத்து அதனிடம் கேட்டது.

“ஐயாயிரம் கிலோமீட்டர். ஏழு மணி நேரத்தில் வந்துவிடுவேன்.”

“அவளுக்கு இரண்டு மாதம் ஆகும்.”

மழைக்காலம் தொடங்கிய ஒருநாள் விமானம் தானாகவே சொன்னது: “வழியில் ஒரு வாத்துக் கூட்டத்தைப் பார்த்தேன். இங்கேதான் வருகிறது.”

வாத்து கழுத்தை நீட்டியது. “அதில் அவள் இருந்தாளா?”

“நான் வந்த வேகத்தில் யார் முகமும் தெரியவில்லை.”

வாத்து நீந்திப் போய், ஏரியின் வடகரையில் ஏறி நின்றுகொண்டது.