பக்கத்துப் பாய்மரத்தின் நிழல்

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளரின் பாய்மரப் படகு ஒழுகும். உள்ளே கசிகிற தண்ணீரை ஒரு பம்ப் இறைத்துக்கொண்டே இருக்கும். பம்புக்குப் பாட்டரி, பாட்டரிக்கு முறம் அளவில் ஒரு சோலார் தகடு. அந்தத் தகட்டின் மேல்தான் பக்கத்துப் படகின் பாய்மர நிழல் மத்தியானமானால் குறுக்கே விழும். ஒரு கோடு நிழல் போதும், சார்ஜ் பாதாளத்துக்குப் போய்விடும். பின்னாலேயே படகும் போகும்.

பொறியாளர் விடுவாரா? படகுத்துறையே அதிரச் சண்டை போட்டார். பக்கத்துப் படகுக்காரர் பல் டாக்டர். ஊரையே வாயைத் திறக்க வைத்தவர், இவரிடம் வாயைத் திறக்க வழியில்லாமல், படகை வேறு துறைக்கே கொண்டுபோய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் நிழல் வழக்கம்போல் வந்து விழுந்தது. பக்கத்தில் வெறும் தண்ணீர்.

“பாத்தியா திமிரை! படகை எடுத்துட்டு நிழலை விட்டுட்டுப் போயிருக்கான்!” என்று மனைவியிடம் கொதித்தார்.

மனைவி குனிந்து நிழலைப் பார்த்தாள். “ஏங்க, பாய்மரத்துக்கு ஏது தோள்பட்டை?”

“எதுவா இருந்தா என்ன? என் வெயிலை மறைக்க இவன் யாரு? நகருய்யா!”

நிழல் நகர்ந்தது. சார்ஜ் மீட்டரின் முள் ஜம்மென்று ஏறியது. யாரோ காலெடுத்து வைத்ததுபோல் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

“செருப்போட ஏறாதேன்னு போர்டு வச்சிருக்கேன், கண்ணு தெரியலையா?” என்று பழக்கதோஷத்தில் கத்தினார் பொறியாளர்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு செருப்பைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.