மூடிய கையின் படம்

வெளிச்சம் குறைத்த அறையில் டாக்டரின் கம்ப்யூட்டர் திரை மட்டும் எரிகிறது. தவமணியின் வலது மணிக்கட்டு அதில் இரண்டு எக்ஸ்ரே படங்களாக நிற்கிறது. கையை விரித்து எடுத்த படத்தில் எலும்புகள் கூழாங்கற்களைப் போல ஒட்டிக் கிடக்கின்றன. போன தை மாதம், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும்போது டிராக்டரிலிருந்து கைகுத்தி விழுந்தாளே, அன்றைக்கு எடுத்த படமும் இப்படித்தான் இருந்தது. எலும்பு முறியவில்லை என்றதும் புருஷன் அம்மாசி, மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தான். அவளும் துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டு ஓயும்வரை கரும்பு வெட்டினாள். இன்றைக்கு, "கத்தியப் புடிக்கிற மாதிரி இறுக்கி மூடும்மா" என்று சொல்லி எடுத்த இரண்டாவது படத்தில், நடு எலும்புகள் இரண்டும் விலகி நிற்கின்றன. இடையில் ஒரு கருப்புச் சந்து. "ரெண்டையும் சேத்துக் கட்டியிருந்த நார் அந்துபோச்சும்மா. நாளாயிடுச்சு, இனிமே தெச்சாலும் பழையபடி வராது" என்கிறார் டாக்டர். கட்டிய காய்ந்த இலைச் சோகை அறுந்து சரியும் கரும்புக் கட்டு தவமணியின் கண்ணுக்குள் வந்து போகிறது. "அதான் எலும்பு முறியலியே சார், அப்புறம் இன்னா?" அம்மாசி தேங்காய் உடைத்த அதே நம்பிக்கையோடு கேட்கிறான். டாக்டர் அவளைப் பார்த்தே சொல்கிறார்: "இந்தக் கையால எதையும் இறுக்கிப் புடிக்கக் கூடாதும்மா." "புடிக்காம எப்டிங்க வெட்டறது?" என்கிறாள் அவள். அவர் திரைப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். தவமணி மடியில் கையை மெல்ல விரித்து வைக்கிறாள். திரையில் அது இன்னும் இறுக மூடியே இருக்கிறது.