குறை சொன்ன காலேஜ்

மகனுடைய எதிர்காலத்துக்கு நாலே கால் லட்சம் என்றார்கள். அப்துல் மாலிக் மூன்றே முக்காலுக்குக் கேட்டார்.

கேட்பதற்கு முன்னால், வராந்தா இருட்டு, ஃபேன் சத்தம், சுவரில் விரிசல் என்று ஒரு சுற்றுக் குறை சொல்லி முடித்திருந்தார்.

"சார், இது காலேஜ் ஃபீஸு. கத்திரிக்கா வியாபாரம் இல்ல" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். "சிவில்ல மேனேஜ்மென்ட் சீட்டு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு என்ற வசனத்தை மாலிக்கே தன் கடையில் தினமும் சொல்கிறவர். "யோசிச்சுச் சொல்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

லேபில் காங்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் இயந்திரத்தை விட்டு வர மனமில்லாமல் வந்தான் மகன் ஃபவாஸ். "அத்தா, இங்கயே கட்டிடலாம் அத்தா. மொத வருஷத்துலேருந்தே சைட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்."

"வாய மூடுடா. உனக்குப் புடிச்சிருக்குன்னு தெரிஞ்சா அஞ்சு லட்சம்பான். திங்கக்கெழம அவனே போன் பண்ணுவான் பாரு."

கனகசெட்டிக்குளம் தாண்டியிருந்த அந்தக் காலேஜிலிருந்து ஈசிஆரில் திரும்பும்போது மாலிக்கின் மனசு குளிர்ந்திருந்தது. காலேஜ் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக் கடை சூசையின் மகள் அங்கே படிக்கப்போவதில்லை என்பது அதைவிட நன்றாக இருந்தது.

காந்தி வீதியில் மாலிக்கின் ஹார்டுவேர் கடையை ஒட்டி சூசையின் பெயின்ட் கடை. மாலிக்குக்குப் பின்னால் கடை வைத்தவன், மாலிக்குக்கு முன்னால் கண்ணாடிக் கதவு போட்டான். அவன் ஏசி மாட்டிய அன்று இவருக்கு வியர்த்தது. ப்ளஸ் டூவில் அவன் மகள் வெரோனிகா ஃபவாஸைவிடக் கூட மார்க் வாங்கினாள். அதற்கு அவன் கொடுத்தனுப்பிய கேக் ருசியாக வேறு இருந்து தொலைத்தது. அந்த எரிச்சலில் மாலிக் இரண்டாவது துண்டையும் சாப்பிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்து உட்கார்ந்ததும் சூசை எதிரே வந்து நின்றான்.

"இன்னா பாய், காலையிலேருந்து ஆளக் காணோம்? வெரோனிகா சிவில்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நல்ல காலேஜா ஒண்ணு சொல்லுங்களேன்."

மாலிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மோப்பம் பிடித்துவிட்டான்! இருப்பது ஒரு சீட்டு. இவனோ கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிற ரகம்.

"எங்க வேணா சேத்து விடு சூசை. கனகசெட்டிக்குளம் தாண்டி ஒண்ணு இருக்கே, அதுல மட்டும் சேத்துடாத."

"அங்க ஒரு காலேஜ் இருக்குதா பாய்?"

நடிப்பைப் பார், என்று நினைத்துக்கொண்டார் மாலிக். "இருக்குது, பேருக்கு. லேபுன்னு ஒரு ரூமு. அதுல ஒரு மிஷினு. அது நசுக்கறதுக்குள்ள காங்கிரீட்டே மனசு வெறுத்துத் தானா உதிந்துடும். வாத்தியாருங்க பாதிப் பேரு லீவு. கேன்டீன் சாம்பார வச்சு செவுரே எழுப்பலாம்."

"அவ்ளோ மோசமா?"

"பொம்பளப் புள்ளய வச்சிருக்க, மனசு கேக்காம சொல்றேன். கடலூர் ரோட்டுல ஒண்ணு இருக்கு பாரு, அது தங்கம். கண்ண மூடிக்கிட்டுச் சேத்துடு."

சூசை கன்னத்தைச் சொறிந்தான். "ஃபீஸு எவ்ளோ பாய்?"

"தங்கத்துக்கா?"

"இல்ல, அந்த மோசமான காலேஜுக்கு."

"நாலே காலு! பகல் கொள்ளப்பா!"

சூசை தலையை ஆட்டிக்கொண்டே போனான். மாலிக் தனக்குத்தானே ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துக்கொண்டார்.

திங்கள்கிழமை காலையிலிருந்து போன் கல்லாவின் மேலேயே இருந்தது. சிமென்ட் கேட்டுக் கூப்பிட்டார்கள், ஆணி கேட்டுக் கூப்பிட்டார்கள். காலேஜ் மட்டும் கூப்பிடவில்லை.

"அத்தா, நாமளே பேசிடலாமே" என்றான் ஃபவாஸ்.

"மொதல்ல கூப்புடறவன் தோத்தான்டா."

மத்தியானம் தாண்டியதும் தோற்றுவிட முடிவுசெய்து, மாலிக்கே கூப்பிட்டார். "சரி சார், நீங்க சொன்ன நாலே காலுக்கே..."

"சீட்டு முடிஞ்சிடுச்சே சார். சனிக்கெழம சாயங்காலம் ஆபீஸ் மூடுற நேரத்துல ஒருத்தர் ஓடியாந்து முழுசாக் கட்டிட்டாரு. பேரமே பேசல."

ஃபவாஸ் அத்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போய் சிமென்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

அப்போதுதான் லட்டுப் பெட்டியோடு சூசை படியேறினான். "எடுங்க பாய். வெரோனிகாவுக்கு சீட்டு கெடச்சிடுச்சு. கனகசெட்டிக்குளம் தாண்டி, அந்தக் காலேஜ்தான்."

மாலிக் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். "அந்தக் காலேஜ உனக்கு எவன்யா காட்டிக் குடுத்தது?"

"நீங்கதான் பாய். அப்படி ஒண்ணு இருக்கறதே நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"நான் அத அந்தத் திட்டு திட்டினேனேப்பா!"

"வாங்க ஆசப்படாத சரக்க நீங்க என்னிக்குப் பாய் திட்டியிருக்கீங்க?" என்றபடி, இருப்பதில் பெரிய லட்டாகப் பார்த்து எடுத்து அவர் கையில் வைத்தான் சூசை. "உங்களுக்கு நான் ஒரு சீட்டு பாக்கி."